கரன்ட் பில் கட்டுப்படியாகாத பேரு!



நம்ம 'சைடு ரோல்' பக்கத்தோட சட்டதிட்டம் உங்களுக்கே தெரியும். ஹீரோவுக்கு இங்கே நோ என்ட்ரி. ஹீரோவுக்குப் பின்னால நிக்கிறவர், ரெண்டே ரெண்டு சீன்ல தலைகாட்டிட்டுப் போறவர், மூஞ்சி மட்டும் மனசுல அப்படியே ஒட்டிக்கிட்டு பேர் சுத்தமா ஞாபகத்துக்கு வராதவர்... இவங்களுக்கு மட்டும்தான் இங்கே கட்-அவுட், பாலாபிஷேகம் எல்லாம்! இந்த வாரம் கட்-அவுட், இங்கிலாந்துக்காரர் ஒருத்தருக்கு.

முதல்ல ஒரு குட்டி இன்டர்னல் டெஸ்ட். மூணே கேள்விதான், பயப்படாதீங்க.

ஒண்ணு: 'இன்செப்ஷன்' படத்துல பெரிய கம்பெனி முதலாளி ஒருத்தர் கட்டில்ல சாகக் கிடப்பாரே... அவரோட பையன் மனசுல ஒரு எண்ணத்தை விதைக்கத்தானே டிகாப்ரியோ கோஷ்டி கனவு, கனவுக்குள்ள கனவு, அதுக்குள்ள இன்னொரு கனவுன்னு குடைஞ்சுக்கிட்டுப் போகும்? அந்த அப்பா யாரு?

ரெண்டு: 'ஜுராசிக் பார்க்' வரிசையில ரெண்டாவது படம், 'தி லாஸ்ட் வேர்ல்ட்'. எனக்குச் சம்பளமே வேண்டாம், ஒரே ஒரு டி-ரெக்ஸை வேட்டையாட விட்டாப் போதும்னு யானைத் துப்பாக்கியோட வருவாரே, அந்த வேட்டைக்காரர் யாரு?

மூணு: 'தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்'ல, 'கோபயாஷி'ன்னு ஜப்பான்காரப் பேரை வெச்சுக்கிட்டு, எந்த ஊர் இங்கிலீஷ்னே கண்டுபிடிக்க முடியாத மாதிரி பேசுவாரே ஒரு வக்கீல்... அவர் யாரு?

மூணுக்கும் ஒரே பதில்தான். மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்கங்க... பீட் பாஸல்த்வெயிட்!

நாக்கு சுளுக்கிக்கிச்சா? உங்களுக்கு மட்டும் இல்லை பாஸ், இங்கிலாந்துக்காரங்களுக்கே சுளுக்கிக்கிச்சு. இவர் நடிக்க வந்த புதுசுல, 'முதல்ல அந்தப் பேரை மாத்துப்பா'ன்னு அட்வைஸ் பண்ணியிருக்காங்க. அதுக்குச் சொன்ன காரணம்தான் டாப். இவ்வளவு நீளமான பேரை தியேட்டர் வாசல்ல விளக்குப் போட்டு எழுதினா, கரன்ட் பில் கட்டுப்படியாகாதாம்! ட்ரிபிள் ஈ மூணாவது வருஷம் படிக்கிற எனக்கு, ஒரு மனுஷனோட பேருக்கு லோடு கால்குலேஷன் போட்டவங்க இவங்கதான்னு தோணுது.

பேரை மாத்தினாரா? ம்ஹூம்! கடைசி வரைக்கும் அதே பேர்தான். அந்த ஒரு பிடிவாதத்துல இந்த மனுஷனோட மொத்தக் கதையும் அடங்கியிருக்கு. வாங்க, சொல்றேன்.

பீப்பாய்க்காரர் பையன்

லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவுல இருக்கிற ஊர் வாரிங்டன். அங்கே 1946 பிப்ரவரி 7-ம் தேதி பிறந்தவர் பீட். அப்பா மரப்பீப்பாய் செய்கிற தொழிலாளி. கத்தோலிக்கக் குடும்பம். நாலு பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. சின்ன வயசில் பாதிரியாராகப் போயிடலாமான்னுகூட யோசிச்சிருக்கார். அப்புறம் அந்த ரூட்டை விட்டுட்டு, லண்டன் செயின்ட் மேரிஸ் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி முடிச்சார். மான்செஸ்டரில் லொரேட்டோ பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் வேலை. மாசாமாசம் சம்பளம், மரியாதையான உத்தியோகம். தொழிலாளி வீட்டுப் பையனுக்கு இதைவிட என்ன வேணும்?

அவருக்கு வேற ஒண்ணு வேண்டியிருந்தது. 24 வயசில் வாத்தியார் வேலையை விட்டுட்டு, பிரிஸ்டல் ஓல்டு விக் நாடகப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்துட்டார். சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருந்தவர், கத்துக்கிறதுக்காகத் திரும்பவும் பெஞ்ச்சில் போய் உட்கார்ந்தார்!

இந்த இடத்தில் ஒரு விஷயம். நம்ம எல்லார் கிளாஸ்லேயும் ஒருத்தன் இருப்பான். கல்ச்சுரல்ஸ்ல ஸ்கிட்டுன்னா முதல் ஆளா நிப்பான். மைமிங் பண்ணினா ஆடிட்டோரியமே ஆடும். 'பேசாம படிப்பை விட்டுட்டு நடிக்கப் போயிடவா மச்சி?'ன்னு செமஸ்டருக்கு முந்தின நாள் ராத்திரி மட்டும் கரெக்டா கேப்பான். அவன்கிட்ட பீட்டோட கதையைச் சொல்றதுக்கு முன்னால முழுசாச் சொல்லிடுங்க. பீட் படிப்புக்குப் பயந்து ஓடினவர் இல்லை. படிச்சு முடிச்சார், வேலை பார்த்தார், அதை நல்லா பண்ணிக்கிட்டிருக்கும்போதுதான் விட்டார். அரியர் லிஸ்ட்டைப் பார்த்து வர்ற கலை ஆர்வமும் இதுவும் ஒண்ணு கிடையாது. அதே மாதிரி, விட்ட அடுத்த வருஷமே அவருக்கு லைட்டும் எரியலை. பத்து, இருபது வருஷம் ஆச்சு.

ஹோப் தெருவில் ஒரு கேங்

லிவர்பூலில் ஹோப் ஸ்ட்ரீட்னு ஒரு தெரு. 'நம்பிக்கைத் தெரு'! அந்தத் தெருவோட ரெண்டு கோடியிலும் ரெண்டு பெரிய தேவாலயம். நடுவில், பழைய சேப்பல் கட்டடம் ஒண்ணு. அதில் 1964-ல ஆரம்பிச்சதுதான் 'எவ்ரிமேன் தியேட்டர்'. தியேட்டர்னா சினிமா தியேட்டர் இல்லை, நாடக அரங்கம்.

1970-கள்ல அங்கே சேர்ந்திருந்த செட்டைப் பாருங்க. பில் நை - பின்னால 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்'ல ஆக்டோபஸ் தாடியோட வந்த டேவி ஜோன்ஸ். ஜூலி வால்டர்ஸ் - 'ஹாரி பாட்டர்'ல ரான் வீஸ்லியோட அம்மா. ஜோனதன் பிரைஸ் - 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'ல வெறுங்காலோட வந்து ராணியையே நடுங்கவெச்ச சாமியார். ஆன்டனி ஷெர் - பின்னால ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குன்னே கொண்டாடப்பட்டவர். இவங்களோட நம்ம பீட். அப்போ இவங்கள்ல ஒருத்தருக்கும் பேர் கிடையாது. ஒரே மேடை, ஒரே கேங்!

அந்த மாதிரி தியேட்டர்களை 'ரெப்பர்டரி'ன்னு சொல்வாங்க. அதாவது, நிரந்தரமா ஒரு நடிகர் குழு இருக்கும். ராத்திரி ஒரு நாடகம் நடிப்பாங்க, பகல்ல அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை. இந்த மாசம் ராஜாவா நடிச்சவர், அடுத்த மாசம் அந்த ராஜாவுக்குத் தட்டு தூக்கற வேலைக்காரனா வரணும். 'நான் ஹீரோ மெட்டீரியல், தட்டெல்லாம் தூக்க மாட்டேன்'னு சொன்னா கதவு அந்தப் பக்கம்! எந்த ரோலா இருந்தாலும் அந்த ஆளுக்கு ஒரு நடை, ஒரு குரல், ஒரு கோபம் கண்டுபிடிச்சே ஆகணும். நம்ம ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டிங், வெல்டிங், கார்பென்டரினு எல்லா ஷெட்டுலேயும் கை அழுக்காக்கிக்கிட்டு வர்ற மாதிரிதான். கேரக்டர் நடிகர்ங்கிற ஜாதி இந்த ஷெட்டில்தான் தயாராச்சு.

அங்கேயிருந்து ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி வரைக்கும் போனார் பீட். சினிமா? 1977-ல ரிட்லி ஸ்காட் எடுத்த முதல் படம் 'தி டூயலிஸ்ட்ஸ்'. அதுல பீட்டுக்கு என்ன ரோல் தெரியுமா? ஒரு ஜெனரலுக்கு ஷேவிங் பண்ணிவிடற ஆள். அவ்வளவுதான்! வயசு அப்போ 31. நம்ம ஊர்ல அந்த வயசுல 'இன்னும் செட்டில் ஆகலையா?'ன்னு சொந்தக்காரங்க கல்யாண வீட்டில் வெச்சே விசாரணைக் கமிஷன் நடத்தியிருப்பாங்க.

ஒரே மூஞ்சி... ரெண்டு அப்பா!

42 வயசில்தான் திருப்பம். 1988-ல டெரன்ஸ் டேவிஸ் தன் குடும்பத்துக் கதையைப் படமா எடுத்தார். பேர் 'டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்'. 1940-கள், 50-கள்ல லிவர்பூல்ல ஒரு தொழிலாளர் குடும்பம். அதுல அடிச்சு நொறுக்குற அப்பாவா பீட்.

ஒரு காட்சி சொல்றேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி. தூங்குற குழந்தைகளைப் பார்த்து அவ்வளவு பாசமா, அவ்வளவு மெதுவா ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போவார் அப்பா. அடுத்த காட்சி, பண்டிகைச் சாப்பாட்டு மேஜை. திடீர்னு மேஜை விரிப்பைப் பிடிச்சு ஒரே இழு. தட்டு, சாப்பாடு எல்லாம் தரையில். 'சுத்தம் பண்ணு'ன்னு ஒரு கத்தல். நமக்கு வயிறு கலங்கிடும். ஏன்னா, முதல் காட்சியில் பார்த்த பாசமும் நடிப்பு இல்லை. ரெண்டுமே அந்த ஆள்தான். வில்லன்னா நமக்கு வசதி, வெறுத்துட்டுப் போயிடலாம். ஆனா பீட் நமக்கு அந்த வசதியைத் தரவே மாட்டார்.

அஞ்சு வருஷம் கழிச்சு, அதே மூஞ்சி, நேர் எதிரான அப்பா. 1993, 'இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்'. நிஜக் கதை. 1974-ல இங்கிலாந்தில் கில்ஃபோர்டுங்கிற ஊர்ல மதுக்கடைகளில் குண்டு வெடிச்சது. பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த ஜெரி கான்லன்ங்கிற இளைஞனைப் போலீஸ் பிடிச்சது. மகனுக்கு உதவி பண்ண லண்டன் கிளம்பி வந்தார் அப்பா ஜூசெப்பே. அவரையும் பிடிச்சு உள்ளே போட்டாங்க! ஏற்கெனவே நுரையீரல் நோயாளி. 1980-ல கைதியாகவே செத்துப்போனார். மகன் மேல தப்பில்லைன்னு 1989-ல விடுதலை. அப்பா மேலேயும் தப்பில்லைன்னு 1991-ல தீர்ப்பு. அவர் இறந்து 11 வருஷம் கழிச்சு!

படத்துல மகன் டேனியல் டே லூயிஸ். அப்பா பீட். ரெண்டு பேருக்கும் நிஜத்தில் வயசு வித்தியாசம் எவ்வளவு? வெறும் 11 வருஷம்! படம் பார்க்கும்போது ஒரு செகண்டுகூட அது உறுத்தாது. மகன் கத்துவான், எகிறுவான், சுவரை உதைப்பான். அப்பா குரலே உசத்த மாட்டார். போர்வையை மடிப்பார், ஜெபம் பண்ணுவார், வழக்குக்காகக் கடிதம் எழுதிக்கிட்டே இருப்பார். அப்பாவும் மகனும் ஒரே செல்லில் இருக்கிறது சினிமாவுக்காகச் சேர்த்தது, நிஜத்தில் அப்படி இல்லைன்னு அப்பவே விமர்சனமும் வந்தது. ஆனா, அந்தச் சின்ன செல்லுக்குள்ள ஒரு சாதுவான மனுஷன் எப்படி ஒரு முரட்டுப் பையனைவிட உறுதியானவர்னு நமக்குப் புரியும். ஜூசெப்பே இறந்த ராத்திரி, மற்ற கைதிகள் ஜன்னல் வழியா எரியற காகிதங்களை ஒவ்வொண்ணா கீழே விடுவாங்க. இருட்டில் நெருப்புப் பூ மாதிரி இறங்கும். ஹாஸ்டலில் என் லேப்டாப்பைச் சுத்தி ஏழு பேர் உட்கார்ந்து பார்த்தோம். அந்த சீன்ல ஒருத்தனும் கமென்ட் அடிக்கலை. எங்க ரூம் சரித்திரத்தில் அது பெரிய சாதனை!

அந்தப் படத்துக்காக ஆஸ்கரில் சிறந்த துணை நடிகர் நாமினேஷன். 1994-ல நடந்த விழாவில் ஜெயிச்சது, 'தி ஃப்யூஜிடிவ்' படத்துக்காக டாமி லீ ஜோன்ஸ். அதே பிரிவில் அதே வருஷம் தோத்துப்போன இன்னொரு பொடியன் யார் தெரியுமா? 19 வயசு லியோனார்டோ டிகாப்ரியோ! ரெண்டே வருஷத்தில், 1996-ல வந்த 'ரோமியோ + ஜூலியட்'ல அதே பொடியன் ரோமியோ, பீட் அவனுக்கு ரகசியமாக் கல்யாணம் பண்ணிவைக்கிற பாதிரியார். பாதிரியார் ஆகலாமான்னு யோசிச்ச பையன், கடைசியில் அங்கியைப் போட்டுட்டாரே!

கரியும் காற்றும்

அதே 1996-ல இன்னொரு படம். 'பிராஸ்டு ஆஃப்'. என்னைக் கேட்டா பீட்டோட மாஸ்டர் பீஸ் இதுதான்.

யார்க்‌ஷயரில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். 1984-85ல நடந்த பெரிய ஸ்டிரைக்கில் தொழிலாளர்கள் தோத்துட்டாங்க. 1992 அக்டோபரில், இன்னும் 31 சுரங்கத்தை மூடப்போறோம்னு அரசாங்கம் அறிவிச்சது. அந்தக் காலத்துக் கதை. இங்கிலாந்துச் சுரங்க ஊர்களில் அப்போ ஒரு பழக்கம் இருந்துச்சு. பல சுரங்கங்களுக்குச் சொந்தமா ஒரு பித்தளை வாத்திய பேண்ட் இருக்கும். பகலில் கரி வெட்டுற கை, சாயங்காலம் கார்னெட் வாசிக்கும். படத்தில் அந்த பேண்டை நடத்துற மாஸ்டர் டேனியா பீட். நிஜத்தில் கிரைம்தார்ப்ங்கிற ஊர் பேண்டோட கதைதான் இதுக்கு அடிப்படை. படத்தில் கேக்கிற வாசிப்பும் அவங்களோடதுதான்.

சுரங்கமே மூடப்போகுது, வீட்டில் அடுப்பு எரியுமான்னு தெரியலை, இதில் பேண்ட் எதுக்குன்னு எல்லாரும் கேக்கிறாங்க. டேனி மட்டும் போட்டி, கோப்பைன்னு துரத்திக்கிட்டே இருப்பார். நெஞ்சு முழுக்கக் கரித்தூள் அடைச்சு ஆஸ்பத்திரியில் படுத்துடுவார். அப்போ ராத்திரியில், பேண்ட்காரங்க ஹெல்மெட் விளக்கைப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்னு வாசிப்பாங்க. கடைசியில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஜெயிச்சதும், கோப்பை வேண்டாம்னு டேனி ஒரு பேச்சு பேசுவார். இசைதான் பெருசுன்னு இத்தனை நாள் நினைச்சேன், மனுஷங்களுக்கு முன்னால அது ஒண்ணுமே இல்லைங்கிறதுதான் சாராம்சம். அந்தப் பேச்சில் ஒரு துண்டை சம்பவாம்பா இசைக்குழு தங்களோட 'டப்தம்பிங்' பாட்டின் ஆல்பம் வடிவத்துக்கு முன்னால சேர்த்துக்கிட்டாங்க. அந்தப் பேச்சுல பீட் கண்ணீர் விட்டு கைதட்டல் வாங்க மாட்டார். நோயாளி ஒருத்தர் மூச்சை மிச்சம் பிடிச்சுப் பேசுற மாதிரி ஒவ்வொரு வரியையும் அளந்து விடுவார்.

இப்போ இதோட சேர்த்துப் பார்க்கவேண்டிய ஒரு நிஜ சம்பவம். எலெக்ட்ரிகல் பசங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. 2009-ல 'தி ஏஜ் ஆஃப் ஸ்டுப்பிட்'னு பருவநிலை மாற்றத்தைப் பத்தி ஒரு படம். ஃப்ரானி ஆம்ஸ்ட்ராங் எடுத்தது. அழிஞ்சுபோன உலகத்தில் 2055-ம் வருஷம் தனியா உட்கார்ந்து, 'நம்மளைக் காப்பாத்திக்கிற வாய்ப்பு இருந்தப்பவே ஏன் செய்யலை?'ன்னு பழைய வீடியோக்களைப் பார்க்கிற கிழவரா பீட். மும்பையில் குறைந்த கட்டண விமான கம்பெனி ஆரம்பிச்ச இந்தியர் ஒருத்தரோட நிஜக் கதையும் அந்தப் படத்தில் ஒரு கிளை.

அந்த நேரத்தில் இங்கிலாந்தில், கென்ட் பகுதியில் கிங்ஸ்நார்த்ங்கிற இடத்தில் புது நிலக்கரி மின்நிலையம் கட்ட இ.ஆன் கம்பெனி திட்டம் போட்டிருந்தது. 800 மெகாவாட் சூப்பர் கிரிட்டிகல் யூனிட் ரெண்டு. படத்தோட முதல் காட்சி விழாவுக்கு எரிசக்தித் துறை அமைச்சர் எட் மிலிபேண்டும் வந்திருந்தார். அவர் முன்னாலேயே பீட் சொன்னார்: அந்த மின்நிலையத்துக்கு அனுமதி கொடுத்தா, எனக்கு 2004-ல கொடுத்த ஓ.பி.இ. பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துடுவேன்!

அடுத்த மாசமே, புது நிலக்கரி நிலையம்னா கார்பனைப் பிடிச்சுப் பூமிக்கடியில் சேர்க்கிற வசதி ஓரளவாவது இருக்கணும்னு அரசாங்கம் அறிவிச்சது. அக்டோபரில் இ.ஆன் திட்டத்தைத் தள்ளிப்போட்டது. அப்புறம் கைவிட்டே விட்டது. இவர் ஒருத்தர் மிரட்டினதாலதான் நின்னுச்சுன்னு சொன்னா அது சினிமா. எத்தனையோ பேர் வருஷக்கணக்கா போராடினாங்க. பொருளாதார மந்தத்தில் கரன்ட் தேவையே குறைஞ்சிருந்தது. அதுவும் ஒரு காரணம். இவர் பங்கு ஒரு தள்ளு. ஆனா தள்ளின இடம் சரியான இடம். இங்கிலாந்தோட கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30-ம் தேதி மூடப்பட்டது.

'சுரங்கத்தை மூடாதேன்னு அழுத டேனி, கரி மின்நிலையம் வேண்டாம்னு சொல்றது முரண் இல்லையா?'ன்னு என் ரூம்மேட் கேட்டான். நல்ல கேள்விதான். என் கணக்கு இது: டேனியை ஆஸ்பத்திரியில் படுக்கவெச்சதே கரித்தூள்தான். அவர் அழுதது கரிக்காக இல்லை, கரியை நம்பி இருந்த ஊரை அடுத்த வேளைச் சோத்துக்கு வழி சொல்லாம அம்போன்னு விட்டாங்களே, அதுக்காக. ரெண்டு இடத்திலும் கேள்வி ஒண்ணுதான்: கணக்குப் போடும்போது மனுஷங்களைச் சேர்த்தியா, இல்லையா? நாளைக்கு பிளான்ட்டில் உட்காரப்போற நமக்கு இந்தக் கேள்வி எந்த செமஸ்டர் வினாத்தாளிலும் வராது. இவர் படத்தில் வருது.

ஸ்பீல்பெர்க் சொன்னாராம்!

1997-ல ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கோட ரெண்டு படம்: 'தி லாஸ்ட் வேர்ல்ட்', 'அமிஸ்டாட்'. 'உலகத்திலேயே சிறந்த நடிகர் பீட்'னு ஸ்பீல்பெர்க் சொன்னதா செய்தி பரவுச்சு. நம்ம ஆளா இருந்தா ஃபிளெக்ஸ் அடிச்சிருப்போம். பீட் என்ன சொன்னார் தெரியுமா? ஸ்பீல்பெர்க் உண்மையில் சொன்னது, 'இந்த பீட் இருக்காரே, தன்னைத்தானே உலகத்திலேயே சிறந்த நடிகர்னு நினைச்சுக்கிட்டிருக்கார்'ங்கிறதா இருக்கும்னு கலாய்ச்சுட்டுப் போயிட்டார். தன்னையே ஓட்டிக்கிறதில் மனுஷன் கில்லி!

ஹாலிவுட் கதவு திறந்தாச்சு. பேசாம அமெரிக்காவில் பங்களா வாங்கி செட்டில் ஆகியிருக்கலாம். இவர் திரும்பத் திரும்ப மேடைக்கே வந்தார். 'ஸ்கராமூஷ் ஜோன்ஸ்'னு ஒரு நாடகம். 1999 டிசம்பர் 31 ராத்திரி, நூறு வயசு கோமாளி ஒருத்தன் தன் கதையைச் சொல்றான். மேடையில் பீட் ஒருத்தர் மட்டும்தான். அதைத் தூக்கிக்கிட்டு நாடு நாடா சுத்தினார். 2007-ல மான்செஸ்டர் ராயல் எக்ஸ்சேஞ்சில் ஷேக்ஸ்பியரோட 'தி டெம்பஸ்ட்'ல பிராஸ்பரோ.

2008-ல லிவர்பூல் ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகரா இருந்த வருஷம். அதே ஹோப் தெரு, அதே எவ்ரிமேன் மேடை. 'கிங் லியர்'ல லியரா நின்னார். மகள்களோட பாசத்தை எடை போடப் பார்த்து, எல்லாத்தையும் இழந்து புயல்ல நிக்கிற அப்பா. இயக்கியவர் ரூபர்ட் கூல்டு. விமர்சனம் எல்லாம் பூச்செண்டு இல்லை, அடியும் விழுந்தது. 60 தாண்டின மனுஷன், ஆஸ்கர் வரைக்கும் போனவர், திரும்ப வந்து உள்ளூரிலேயே அடி வாங்கணும்னு என்ன தலையெழுத்து? ஆனா 2009-ல லண்டன் யங் விக் அரங்கத்துக்கும் அதே லியரோட போய் நின்னார். ராத்திரி நாடகம், பகல்ல ஒத்திகைன்னு பழகின உடம்பு அது!

கடைசி ரவுண்டு

2010-ல ஒரே வருஷத்தில் மூணு பெரிய படம். 'க்ளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்'ல பெர்சியஸை வளர்க்கிற மீனவர். 'இன்செப்ஷன்'ல சாகக் கிடக்கிற முதலாளி. பென் அஃப்லெக் இயக்கிய 'தி டவுன்'ல பூக்கடை நடத்திக்கிட்டே கொள்ளைக் கூட்டத்தை ஆட்டிவைக்கிற தாதா. ரோஜாத் தண்டிலேர்ந்து முள்ளைச் சீவிக்கிட்டே மிரட்டுவார். முதுகு ஜில்லிட்டுடும்.

இந்தச் சமயத்தில் மனுஷனுக்கு உடம்பு சரியில்லை. புற்றுநோய். 'கில்லிங் போனோ'ங்கிற அவரோட கடைசிப் படத்தில் அவர் உடல்நிலைக்கு ஏத்த மாதிரி ரோலை மாத்தி எழுதினாங்க. 2011 ஜனவரி 2-ம் தேதி, 64 வயசில் இறந்துட்டார். 'தி டவுன்' படத்துக்கான பாஃப்டா துணை நடிகர் நாமினேஷன் அவர் இறந்த பிறகுதான் வந்தது. பழைய எவ்ரிமேன் கட்டடத்தையும் அதே வருஷம் மூடி இடிச்சாங்க. 2014-ல அதே இடத்தில் புது எவ்ரிமேன் எழும்பி, கட்டடக்கலைக்கான ஸ்டெர்லிங் பரிசை வாங்குச்சு.

'இன்செப்ஷன்'ல அவர் வர்றது சில நிமிஷம்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க. நகரம் மடங்குறது, ஹோட்டல் காரிடார் சுத்துறது, பனிமலையில் சண்டை... இவ்வளவும் எதுக்கு? அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்கலைன்னு நம்புற ஒரு மகனை, கடைசியில் அந்தக் கட்டில் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்துறதுக்கு. கட்டில்ல கிடக்கிறவர் மூஞ்சியை நாம நம்பலைன்னா அத்தனை கோடி செலவும் வேஸ்ட். நோலன் அந்தக் கட்டிலுக்கு யாரைக் கூப்பிட்டார் பாருங்க! சைடு ரோல்னு நாமதான் பேர் வெச்சிருக்கோம். அந்த ரோலில் இருக்கிற ஆளுக்கு அது சைடு கிடையாது. அவனுக்கு அது முழு வாழ்க்கை. பீட் ஒவ்வொரு தடவையும் அந்த முழு வாழ்க்கையோட வந்து நின்னார். ஷேவிங் பண்ணிவிட்டப்பவும் சரி, லியரா நின்னப்பவும் சரி.

வீக் எண்ட் லிஸ்ட்

எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்னு கேக்கறவங்களுக்கு, என் சிபாரிசு: முதல்ல 'பிராஸ்டு ஆஃப்'. சிரிச்சுக்கிட்டே அழலாம். அடுத்து 'இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்'. முடிஞ்சா வீட்டுல அப்பாவோட உட்கார்ந்து பாருங்க, ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்க மாட்டீங்க, பரவாயில்லை. மூணாவது 'தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்'. க்ளைமாக்ஸை யாராவது சொல்ல வந்தா காதைப் பொத்திக்கங்க. மனசு திடமா இருக்கிற நாளில் 'டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்'. எல்லாம் முடிச்சுட்டு மறுபடி 'இன்செப்ஷன்' போட்டு அந்தக் கட்டில் சீனைப் பாருங்க. வேற படம் மாதிரி தெரியும்.

பார்த்துட்டு எப்படி இருந்துச்சுன்னு எழுதிப் போடுங்க மக்களே. ஒரே ஒரு கண்டிஷன்: பேரை முழுசா எழுதணும். கரன்ட் பில்லை நான் பார்த்துக்கறேன்!